உம்மா பொருந்தவில்லை

"சில்லுக்குப் பின்னால கல்லு வைக்காமத் தள்ளாதீங்க! பின்பக்கம் எஞ்சின் பாரம், நழுவிப் பின்னுக்கு உருளும்!"

சாவு விழுந்த மையத்து வீட்டில் ஒரு குமர்ப்பிள்ளை இப்படிக் கத்தி அந்தத் தெரு அதற்கு முன் கேட்டதில்லை. ட்ரெயிலரோடு போட்டைத் தள்ளிக்கொண்டிருந்த ஆண்கள் சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தார்கள். றுமானாதான். முக்காட்டைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு ட்ரெயிலருக்குக் கீழே குனிந்து, உடைந்த சீமெந்துக் கல்லொன்றைச் சில்லுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் அழுது வீங்கியிருந்தது. குரல் மட்டும் வழக்கம்போலத்தான் இருந்தது.

"இப்பத் தள்ளுங்க. மெதுவா."

தள்ளினார்கள். வேறு வழி? கேற்றிலிருந்து குசினிச் சுவர் வரை வளவு முழுவதையும் அந்த போட்தான் பிடித்துக்கொண்டு நின்றது. அதை வெளியே எடுக்காமல் பந்தல் போட ஏலாது, கதிரை போட ஏலாது, மையத்தைச் சுமக்கும் சந்தூக்கை உள்ளே கொண்டுவரவும் ஏலாது. வாப்பா உயிரோடு இருந்திருந்தால் இதற்கும் ஒரு பகிடி விட்டிருப்பார்.

அன்று விடிய வாப்பா லாபிர் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, பிளேன்ரீக் கோப்பையோடு போட்டில் ஏறியிருந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்க்க வாசலில் நின்றாலே போதும். ஆனால் அந்த மனிதனுக்கு போட்டில் ஏறி நின்று பார்த்தால்தான் அது காற்று. "ரொட்டி ஆறுது வாப்பா" என்று றுமானா குசினியிலிருந்து குரல் கொடுத்தாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு ஏறிப் பார்த்தாள். கயிறு சுற்றும் வின்ச்சில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கோப்பையில் தேத்தண்ணி பாதி இருந்தது. முதலில் அவள் அந்தக் கோப்பையைத்தான் எடுத்து ஓரமாக வைத்தாள், தட்டுப்பட்டுக் கொட்டிவிடுமென்று. ஏன் அப்படிச் செய்தாளென்று அவளுக்கே விளங்கவில்லை.

போட் தெருவுக்கு வந்து, எதிர்வீட்டு மதிலோரம் நின்றது. வளவு திடீரென்று பெரிதாகிவிட்டது. அந்த வெறுமையைப் பார்த்ததும் றுமானாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழு மகள், அழு" என்றார் ஹிஸ்புல்லா. வாப்பாவின் மூத்த சகோதரர், அவளுக்குப் பெரியாப்பா. நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு இருக்கிற வியாதி அவருக்கும் உண்டு: யார் வீட்டுப் பிரச்சினையையும் பொழுது சாயுமுன் தீர்த்துவிட வேண்டும். காலையிலிருந்து அவர்தான் எல்லாவற்றுக்கும் ஓடினார். கபன் துணிக்கு ஆள் அனுப்பினார், கப்று வெட்டச் சொன்னார், நண்பகல் லுஹர் தொழுகையோடு அடக்குவதென்று பள்ளியில் அறிவித்தார், கத்தாரில் இருக்கும் லாபிரின் மகன், றுமானாவின் நாநா நஸ்ரியைத் தொலைபேசியில் பிடித்து "நீ வந்து சேர ஏலாது மகன், அங்கயே தொழுதுக்க" என்று ஆறுதலும் சொன்னார். அதே மூச்சில் போட்டைப் பற்றியும் அவனிடம் கதைத்து முடித்திருந்தார்.

"நஸ்ரி சரியெண்டுட்டான்" என்றார் இப்போது, குரலைத் தாழ்த்தி. "நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்காரர் ஒருத்தர் கன நாளா இந்த போட்டைக் கேட்டுட்டு இரிக்கிறார். வின்ச்சைக் கழட்டிப்போட்டு, ஆக்களைக் கடல் பாக்கக் கூட்டிப்போகப் போறாராம். பின்னேரம் வரச் சொல்லிட்டன்."

"இண்டைக்கா?"

"இண்டைக்குக் கதைக்காட்டி அது வளவுக்குள்ள கிடந்து உக்கும் மகள். வாப்பா இல்லாத போட்டை ஆர் ஓட்டுற?"

"ஓட்டப் பாக்கியண்ணன் இரிக்கிறார். வின்ச்சுக்கு நான் இரிக்கன்."

பெரியாப்பா அவளைப் பார்த்தார். கோபமில்லாத பார்வை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "வாப்பா பக்கத்துல நிண்டு நீ வேலை செய்தது வேற. தனியா ஒரு பொம்புளப் புள்ள, வெள்ளைக்காரன்ட உடம்புல வார் கட்டி, கடலுக்க கூட்டிட்டுப் போறது வேற. ஊர் என்ன கதைக்கும்? நாளைக்கு உன்னைக் கேட்டு ஒருத்தன் வரணுமா இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். மையத்தை வைத்துக்கொண்டு மூத்தவரோடு வாய்க்கு வாய் கதைக்கிறாள் என்று பேர் வருமே என்று மூடிக்கொண்டாள்.

அந்த போட்டை வாப்பாவும் அவளும் சேர்ந்துதான் ஆக்கினார்கள். ஆளைப் பரசூட்டில் கட்டிப் பறக்க விடுகிற போட் மற்ற போட்டுகளைப் போல இல்லை. கடையால், அதாவது பின்பக்கம், வெறும் தட்டையாக இருக்க வேண்டும், பரசூட்டை விரிக்க, ஆள் எழும்ப, திரும்பி வந்து கால் வைக்க. எஞ்சின் வெளியே தொங்கினால் கயிறு போய்ச் சிக்கும், ஆகவே அது தட்டுக்குக் கீழே போக வேண்டும். வின்ச் உருளையில் கயிறு சுற்றியிருக்கும். பிடியைத் தள்ளினால் கயிறு போகும், ஆள் உயரும். இழுத்தால் கயிறு சுற்றும், ஆள் இறங்கி வந்து தட்டில் நிற்பார், காலில் கடல்தண்ணீர் படாமலே. படங்களைப் பார்த்தும், காலி ஊர்க் கடலில் ஓடும் ஒரு போட்டை நேரில் போய்ப் பார்த்தும் வந்துதான் லாபிர் வேலையைத் தொடங்கினார். அப்படியிருந்தும் பிழை விட்டார். அதுவும் இந்தக் கரையில் பிறந்தவன் மட்டும் விடக்கூடிய பிழை.

இங்கே எதை இழுத்தாலும் கடையாலில் கட்டித்தான் இழுப்பார்கள். வலையென்றாலும் சரி, பழுதாகி நிற்கும் தோணியென்றாலும் சரி. லாபிரும் வின்ச்சைக் கடையால் விளிம்பிலேயே கொண்டுபோய்ப் பூட்டினார். ஆளுக்குப் பதிலாக மண்மூட்டைகளைக் கட்டி, குடாவில் வெள்ளோட்டம் விட்டார்கள். பரசூட் காற்றைக் குடித்ததும் போட்டின் பின்பக்கத்தை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. சுக்கானில் நின்ற பாக்கியரத்தினம், றுமானாவின் பாக்கியண்ணன், இடப்பக்கம் திருப்புகிறார், வலப்பக்கம் திருப்புகிறார், முன்பக்கம் அசைந்தால்தானே! மேலே பரசூட் பாய் எங்கே இழுத்ததோ அங்கேதான் கடையால் நின்றது. யாரோ விரித்திருந்த நண்டு வலையை நோக்கி நேராகப் போனது போட். "இழு மகள், இழு!" என்று வாப்பா கத்த, றுமானா பிடியை இழுத்துப் பரசூட்டை இறக்கினாள். வலை பிழைக்கவில்லை. வலைக்காரன் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. லாபிர் தட்டில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அடுத்த நாளே வின்ச்சைக் கழற்றினார்கள். போட்டின் நடுவில் பைபர் அடுக்கடுக்காகப் பூசித் தளத்தைப் பலப்படுத்தி, வின்ச்சை அங்கே பூட்டினார்கள். பாரம் நடுவில் விழுந்ததும் போட் சொன்ன பேச்சைக் கேட்டது. பாய் எந்தப் பக்கம் இழுத்தாலும் இது தன் பாட்டில் திரும்பியது. பரிசோதிக்க வந்த அதிகாரிகளும் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடல் அடங்கி, வெள்ளைக்காரர் வரத் தொடங்கியிருந்த நேரம். வருகிற வெள்ளிக்கிழமை முதல் ஆளை ஏற்றுவதாக இருந்தார்கள்.

சாம்பல்தீவுக்கு அப்பால் சல்லியிலிருந்து பாக்கியரத்தினம் வந்து சேர்ந்தபோது மையத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் நேரே வளவுக்குள் வரவில்லை. தெருவில் நின்ற போட்டில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். றுமானா அவரைக் கண்டு கேற்றடிக்குப் போனாள்.

"நேற்றுப் பின்னேரம்கூட என்னோட கதைச்சவர் பிள்ளை. வெள்ளிக்கிழமைக்குப் புதுச் சேட்டுப் போட்டு வா எண்டு சொன்னவர்." தோளில் கிடந்த துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"போட்டை விக்கப் போறாங்க பாக்கியண்ணன்."

"ஆர் சொன்னது?"

"பெரியாப்பா. நாநாவும் சரியாம்."

"அம்மா என்ன சொல்லுறா?"

றுமானாவுக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு கசந்த சிரிப்பு வந்தது. உம்மாவா? உம்மாவுக்கும் போட்டுக்கும் ஏழாம் பொருத்தம். பைபர் மணம் தலையிடி என்பார். உடுப்புக் காயப்போட இடமில்லை என்பார். "கடலும் காணாது, நிலமும் போதாது, இனி ஆகாசத்துக்கும் போங்க" என்று வாப்பாவைப் பிடித்துத் தின்பார். வெள்ளோட்டத்தன்று கரையில் தலையில் கை வைத்தபடி நின்று, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வாப்பாவோடு பேசவில்லை. போட் போகிறதென்றால் முதலில் நிம்மதி மூச்சு விடுவது உம்மாவாகத்தான் இருக்கும்.

உள்ளறையில் உம்மா பஹ்மியா வெள்ளைச் சீலை உடுத்து, சுவரோடு சாய்ந்திருந்தார். பெண்கள் சுற்றியிருந்து யாஸீன் ஓதினார்கள். காலையில் ஒரு தடவை வீடே அதிரக் குளறியவர், அதன்பிறகு வாயே திறக்கவில்லை. றுமானா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உம்மாவின் கை வந்து அவள் கையைப் பிடித்தது. உள்ளங்கையில் தடித்துக் காய்த்திருந்த இடத்தைப் பெருவிரலால் தடவியது. வின்ச் பிடி தந்த காய்ப்பு அது.

"உன்ட கை ஆம்புளட கை மாதிரி ஆகிட்டு" என்றார் உம்மா. திட்டுகிறாரா, என்ன செய்கிறார் என்று தெரியவில்லை.

"இனி ஆகாது உம்மா. பெரியாப்பா போட்டை வித்திட்டார்."

உம்மா அவள் கையை விடவில்லை.

கபனிட்டு, முகத்தைக் காட்டி, சந்தூக்கில் வைத்து, வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். தூக்குவதற்கு முன் வழக்கமாகக் கேட்பதை மௌலவி கேட்டார்.

"மர்ஹூம் லாபிர் ஹயாத்தோட, உயிரோட இரிக்கக்குள்ள ஆருக்காவது கொடுக்கல் வாங்கல் இரிந்தா இப்பச் சொல்லுங்க. அவர்ட நாநா ஹிஸ்புல்லா பொறுப்பெடுப்பார். சொல்லால, செயலால ஆரையும் நோகடிச்சிரிந்தா அல்லாவுக்காக மன்னிச்சுப் பொருந்திக்கங்க. கடனோட ஒரு மனிசனை அனுப்பக் கூடா."

கூட்டத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார். மீன் வியாபாரி றிஸ்கான்.

"காசு கீசு ஒண்டுமில்ல ஹஸ்ரத். அந்தப் போட்டுல முதல் ஆளா என்னைத்தான் பறக்க விடுற எண்டு சொன்னவர். வாக்கும் கடன்தானே. நான் பொருந்திட்டன்."

"உனக்குமா?" என்றது இன்னொரு குரல். தேத்தண்ணிக் கடைக்காரர். "முதல் ஆள் நான்தான் எண்டு என்ட கடையில இரிந்து சத்தியம் பண்ணினாரே! சரி, நானும் பொருந்திட்டன்."

"எனக்கும் சொன்னவர்."

"எனக்கும்."

முச்சக்கரவண்டிக்காரர், எதிர்வீட்டுக்காரர், வலை கிழிந்த அந்த நண்டுக்காரன் உட்பட. கடைசியில் மௌலவியும் தாடியைத் தடவிக்கொண்டு, "மெய்யச் சொன்னா எனக்கும்தான் சொன்னார்" என்றார். கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. சந்தூக்கைச் சுற்றி நின்றுகொண்டு சிரிக்கிறோமே என்று அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. சிரித்த கையோடு சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஊரில் யார் முகத்திலும் ஏமாற்றத்தைப் பார்க்கத் தாங்காத மனிதன், எல்லாரையும் முதலாவது ஆளாக்கிவிட்டுப் போயிருந்தார்.

யன்னல் சீலைக்குப் பின்னால் நின்ற றுமானாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "பொருந்திட்டன், பொருந்திட்டன்" என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, அவள் யன்னல் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வாப்பாவின் சுமை குறைவது நல்லதுதான், அவளுக்கு அது தெரியாதா? ஆனால் யாருக்கும் ஒரு கடமையும் மிச்சமில்லை என்றால் அந்த போட்டை வைத்திருக்க என்ன இருக்கிறது? பின்னேரம் ஹோட்டல்காரர் வருவார். ஸ்பானர் சாவியால் வின்ச்சின் ஆணிகளைத் திருகுவார்கள். அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹிஸ்புல்லா. வழக்கப்படி அடுத்தது மனைவி. அவர் உள்ளறை வாசலுக்கு வந்து, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். "பஹ்மியா, புள்ள. நீயும் ஒரு சொல்லுச் சொல்லு. தூக்கப் போறம்."

உள்ளே ஓதல் நின்றது. எல்லாப் பெண்களும் பஹ்மியாவைப் பார்த்தார்கள்.

"நான் பொருந்த மாட்டன் நாநா."

யாரோ "யா அல்லாஹ்" என்றார்கள். புருஷனை வாசலில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் இப்படிச் சொல்வாள்?

"என்ன புள்ள சொல்ற?" பெரியாப்பா இன்னும் திரைக்குக் கிட்ட வந்தார். "மஹர்க் காசு பாக்கியா? அதை நான்..."

"மஹர் எல்லாம் தந்திட்டார். ஒரு குறை வைக்கல்ல. திண்ண உடுக்கக் குறை வைக்கல்ல." உம்மா எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை, ஆனால் வாசல்வரைக்கும் கேட்டது. "ஊரு முழுக்க வாக்குக் குடுத்திரிக்கார். மீன்காரனுக்குச் சொன்னார், ஹஸ்ரத்துக்குச் சொன்னார். என்ட வளவுக்குள்ள வெச்சு, என்ட குசினிக் கதவை மறிச்சுத்தான் அந்தப் போட்டைக் கட்டினார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீயும் ஏறிப் பாக்கிறியா பஹ்மியா எண்டு என்னைக் கேக்கல்ல. ஏசிக்கொண்டே இரிக்கிற பொம்புளைக்கு ஆசை இரிக்காது எண்டு நினைச்சிட்டார். கேப்பார், கேப்பார் எண்டு நான் பாத்துட்டே இரிந்தன். இப்பக் கேக்காமலே பெயித்தார்." சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "அதை நான் எப்படிப் பொருந்துற?"

வெயில் சந்தூக்கின் பச்சைப் போர்வைமேல் விழுந்துகொண்டிருந்தது. ஹிஸ்புல்லா மௌலவியைப் பார்த்தார். மௌலவி கீழே பார்த்தார், பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மனக்குறையும் குறைதான். ஆராவது பொறுப்பெடுத்துத் தீர்க்கிற எண்டா ஜனாஸாவை எடுக்கலாம்."

"நான் எடுக்கன்" என்றார் ஹிஸ்புல்லா அவசரமாக.

"நீங்க எப்படி நாநா?" உம்மா கேட்டார். "நீங்கதான் போட்டை விக்கப் போறீங்களே."

பெரியாப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பாக்கியரத்தினம் துவாயை வாயில் பொத்திச் சிரிப்பை மறைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

அந்த நேரம் றுமானாவுக்கு எல்லாம் விளங்கியது. உம்மாவின் கோபம் நடிப்பில்லை, அது உண்மையான கோபம். அந்தக் கோபத்தாலேயே உம்மா ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டும் நின்றார். நுழைய வேண்டியது அவள்தான். யன்னல் சீலையை விலக்கினாள். அத்தனை ஆண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

"வாப்பாட கடனை நான் ஏத்துக்கன்" என்றாள். "உம்மாவ போட்டுல நான் ஏத்துவன். பாக்கியண்ணன் ஓட்டுவார், வின்ச்சுல நான் நிப்பன். நாலு மாசம் பத்து நாள் இத்தா முடியுமட்டும் உம்மா வெளிய வர ஏலா. அதுமட்டும் போட் இரிக்கணும். ஓடாம வெச்சிரிந்தா எஞ்சின் பிடிச்சிரும், ஆகவே ஓடவும் வேணும்."

மௌலவி ஹிஸ்புல்லாவைப் பார்த்தார். ஊரே ஹிஸ்புல்லாவைப் பார்த்தது. அவர் தம்பியின் சந்தூக்கைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"போட் இரிக்கட்டும்" என்றார். "இத்தாக்குப் புறகும் இரிக்கட்டும்."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து, "அப்ப நான் பொருந்திட்டன்" என்று உம்மா சொன்னார். சொல்லிவிட்டுத் தரையில் சரிந்து, காலையில் அழுததைவிடச் சத்தமாக அழுதார். கலிமா ஓதும் சத்தத்தோடு சந்தூக்கு எழும்பியது. தோளுக்குத் தோள் மாறி, தெருவில் நின்ற போட்டைச் சுற்றிக்கொண்டு, பள்ளிப் பக்கம் போனது.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் ஆட்கள் குறைந்தார்கள். சொந்தக்காரர் வீட்டுச் சோறு சட்டியோடு மூடியபடி இருந்தது. அடக்கிவிட்டு வந்த பெரியாப்பா முன்வாசல் கதிரையில் இருந்துகொண்டு, ஹோட்டல்காரருக்குத் தொலைபேசியில் வர வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருந்தார். "குடும்ப விசயம் ஐயா, ஓம், ஓம், விளங்கப்படுத்த ஏலா" என்று அவர் திணறுவது உள்ளே கேட்டது.

"றுமானா, அந்த வாரை எடுத்துட்டு வா" என்றார் உம்மா.

"எந்த வார்?"

"ஆளைக் கட்டுற வார். என்ட உடம்புக்குக் காணுமா எண்டு பாக்கணும். காணாட்டி இப்பவே தைக்கக் குடு. மறுகா உம்மா குண்டு எண்டு சாக்குச் சொல்லக் கூடா."

"இண்டைக்கா உம்மா?"

"போ எண்டா போ."

றுமானா போட்டில் ஏறி, தட்டுக்குக் கீழிருந்த பெட்டியில் பெரிய அளவாகப் பார்த்து ஒன்றை எடுத்துவந்தாள். செம்மஞ்சள் நிறம், இன்னும் யாரும் போடாததால் மடிப்புக்கூட விரியவில்லை. அறைக் கதவைச் சாத்தினாள். உம்மா வெள்ளைச் சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க, காலுக்கொரு வளையமாக மாட்டி மேலே இழுத்தாள். இடுப்பு வார் கொளுவவில்லை. முழந்தாளில் நின்று, வாரை முழுவதும் தளர்த்தி, மறுபடி இழுத்தாள். கொளுக்கி 'டிக்' என்று பூட்டியது.

"மூச்சு முட்டுதா?"

"இல்ல."

"வாப்பாக்கும் இந்த அளவுதான்" என்றாள் றுமானா, நிமிராமலே.

உம்மா இடுப்பு வாரைத் தடவிப் பார்த்தார். பிறகு, "கையை எங்க பிடிக்கிற?" என்று கேட்டார்.

றுமானா அவர் கைகளை எடுத்து, தோளுக்கு மேலே போகும் வார்களில் வைத்தாள். உம்மா இரண்டையும் இறுக்கிப் பிடித்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார். பிறகு கால் பெருவிரல்களில் மெல்ல எம்பி நின்றார்.